ஆளுக்கும் அலைக்கும் ஏற்ற வண்டி: நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீக்குப் பாகம் தேர்ந்தெடுப்பது



ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். 2008 முதல் 2020 வரை யமஹா விற்ற இரு ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட்டின் எடை, பெட்ரோல் ஊற்றாமல், 139 கிலோ. 18 லிட்டர் டேங்க் நிரம்பினால் 13 கிலோ சொச்சம் கூடும். அதன் மேல் 75 கிலோ ஆள் ஒருவர் ஏறி நிற்கிறார். தண்ணீரில் ஓடும் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு மனித உடம்பு. அந்த உடம்பு சும்மா நிற்பதில்லை. தட்டின் முன்னும் பின்னும் நகர்கிறது. இடது காலிலிருந்து வலது காலுக்குப் பாரத்தை மாற்றுகிறது. அலை வரும்போது முழங்காலை மடக்கி அடியை வாங்கிக்கொள்கிறது. வண்டிக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. ஓட்டுபவரின் தொடையும் முழங்காலுமே அந்த வேலையைச் செய்கின்றன.

அடுத்து, 2017இல் வந்த கவாசாகி எஸ்எக்ஸ்-ஆர் 1500. 1,498 சிசி, நான்கு ஸ்ட்ரோக், எடை 250 கிலோ. அதே 75 கிலோ ஆள் இதில் ஏறினால் மொத்த எடையில் அவர் பங்கு கால்வாசிகூட வராது. சூப்பர்ஜெட்டில் இடுப்பை அசைத்தாலே வண்டி திரும்பும். எஸ்எக்ஸ்-ஆரில் அதே அசைவுக்கு வண்டி யோசித்துத்தான் திரும்பும். ஆகவே ஒன்றில் உடம்பு சமாளித்துவிடும் குறையை, இன்னொன்றில் அடிப்பாகத்தில் பூட்டிய தகடும் துடுப்பும்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. கம்பெனி பொருத்திய பாகத்தைக் கழற்றி வேறு பாகம் போடுகிறவர், அந்த வண்டியின் மேல் நிற்கும் உடம்பின் வேலையைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார். எந்த உடம்பு, எந்தத் தண்ணீர், என்ன குறை என்று தெரியாமல் பாகம் வாங்கினால் காசு போகும். குறை அப்படியே இருக்கும். சில நேரம் கூடவும் செய்யும்.

இந்த வண்டியின் பிறப்பிலேயே உடம்புதான் மையம். இதைக் கண்டுபிடித்த கிளேட்டன் ஜேக்கப்சன் மோட்டோகிராஸ் பந்தயம் ஓட்டியவர். கரடுமுரடான மண்ணில் முழங்காலை மடக்கி, எழுந்து நின்று பைக் ஓட்டுகிறவர்களின் கை கால் பழக்கத்தைத் தண்ணீருக்குக் கொண்டுவர விரும்பினார். 1960களின் நடுப்பகுதியில் முன்மாதிரிகளைத் தானே கட்டினார். வெளியே சுழலும் புரொப்பல்லரை விட்டுவிட்டு, ஹல் எனப்படும் வண்டியின் உடற்கூட்டுக்குள் அடங்கிய ஜெட் பம்பைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் பம்பார்டியர் கம்பெனி வெளியிட்ட முதல் சீ-டூ வண்டி உட்கார்ந்து ஓட்டும் வடிவம். நின்று ஓட்டும் வடிவத்தை 1973இல் ஜெட் ஸ்கீ என்ற பெயரில் கவாசாகி சந்தைக்குக் கொண்டுவந்தது. 1990இல் யமஹா சூப்பர்ஜெட்டோடு வந்தது. முதலில் 650 வகை எஞ்சின், 1994 முதல் 701 சிசி, 1996இல் மூக்கு உருண்ட புதிய ஹல், 2008இல் மறுபடியும் புதிய ஹல் என்று அது வளர்ந்தது. 701 சிசி எஞ்சின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்ததால், அதற்கென்று வெளிக் கம்பெனிகள் செய்த பாகங்கள் மலைபோல் குவிந்தன. தைவானின் சோலாஸ், கலிபோர்னியாவின் ஸ்கேட்-டிராக் இரண்டும் பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்குப் பெயர் பெற்றவை. கலிபோர்னியாவின் ஹைட்ரோ-டர்ஃப் கால் வைக்கும் மேட்டுக்குப் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் வொர்க்ஸ், கிரேட்டும் ரைடு பிளேட்டும் ஸ்பான்சனும் செய்கிறது; இவை என்னவென்று பின்னால் சொல்கிறேன். கம்பெனிகளுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் இருப்பது கேள்விக்குத்தான்.

கேள்வி இதுதான்: உங்கள் வண்டி நீங்கள் வேண்டாத எதைச் செய்கிறது? திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிப் போகிறதா? வேகம் கூடினால் மூக்கு மேலும் கீழும் குதிக்கிறதா? சிற்றலையில் பம்ப் காற்றைக் குடித்து, எஞ்சின் அலறி, வண்டி முன்னேறாமல் நிற்கிறதா? நேராகப் போகும்போது ஹேண்டில் தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா? பத்து நிமிடத்தில் முன்கை கல்லாக இறுகிவிடுகிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பாகம் வேறு. “ஹேண்டிலிங் சரியில்லை” என்று மட்டும் சொல்லிக்கொண்டு கடைக்குப் போகிறவருக்குக் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

பாகம் வாங்குவதற்கு முன் வண்டியை எடை போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. ஹல்லுக்குள், மிதப்பதற்காக ஃபோம் அடைத்திருக்கிறார்கள். பழைய ஹல்களில் திருகு ஓட்டைகள் வழியாகவும், விரிசல்கள் வழியாகவும் தண்ணீர் கசிந்து அந்த ஃபோமுக்குள் இறங்குகிறது. வெளியே எதுவும் தெரியாது. மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே நனைந்த பஞ்சு மூட்டையைச் சுமந்துகொண்டு வண்டி ஓடும். கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு ஒன்று போதும். டேங்கைக் காலி செய்து தூக்கிப் பாருங்கள். 139 கிலோ இருக்க வேண்டிய வண்டி 165 காட்டினால் 26 கிலோ தண்ணீரை நீங்கள் சுமக்கிறீர்கள். அது பெரும்பாலும் பின்பாதியில், அடியில் தங்கும். மூக்கு தூக்கும், புறப்பட நேரமாகும், திருப்பத்தில் பின்பக்கம் தாமதித்து வரும். இந்தக் குறைகளுக்கு எத்தனை ரைடு பிளேட் மாற்றினாலும் தீர்வு வராது. நனைந்த ஃபோமைத் தோண்டி எடுத்து, உலரவிட்டு, தண்ணீர் உறிஞ்சாத வகை ஃபோமை அடைக்க வேண்டும். சிலர் தோண்டி எடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள், எடை குறைந்தது என்ற மகிழ்ச்சியில். ஹல்லில் தண்ணீர் புகுந்தால் மிதக்க வைக்க உள்ளே எதுவும் இருக்காது, வண்டி மூழ்கிவிடும். தோண்டிய இடத்தை மறுபடி நிரப்பியே ஆக வேண்டும்.

எடைக்கு அடுத்தது ஆட்டம். ஹேண்டில் போல் என்கிற அந்த நீண்ட கை, வண்டியின் மூக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்டில் தொங்குகிறது. அந்த போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புஷ் இருக்கிறது. புஷ் தேய்ந்தால் போல் பக்கவாட்டில் ஆடும். ஹேண்டில்பாரைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். நுனியில் ஒரு விரல் அகலம் ஆடினால், நீங்கள் திருப்பும்போது அந்த ஒரு விரல் அகலம் வீணாகிறது. அதற்குப் பிறகுதான், பம்பின் பின்னால் தண்ணீரைப் பீச்சும் நாசில் அசையத் தொடங்கும். ஸ்டியரிங் கேபிளின் இரு முனைகளிலும், நாசில் தொங்கும் இரு புஷ்களிலும் இதே தேய்மானம் சேரும். ஒவ்வொன்றும் சிறிது, சேர்ந்தால் பெரிது. வெளிக் கம்பெனிகள் விற்கும் பாகங்களில் புஷ் செட்தான் மிக மலிவானது. பழைய வண்டிக்கு அதைவிடப் பலன் தரும் பாகம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, பம்ப். இம்பெல்லர் சுழலும் குழாய்க்குள் வேர் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. இம்பெல்லரின் இலை நுனிக்கும் அந்த வளையத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில பங்குகள்தான். கரையோரத்தில் மணலை உறிஞ்சி உறிஞ்சி அந்த வளையம் அரைபடுகிறது. ஃபீலர் கேஜை உள்ளே விட்டுப் பார்க்கையில் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். பம்ப் தள்ள வேண்டிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத் திரும்பி நழுவுகிறது. பம்பும் ரைடு பிளேட்டும் ஹல்லோடு சேரும் விளிம்புகளில் சிலிக்கோன் பூச்சு விட்டுப்போயிருந்தால் அங்கே காற்று புகும். காற்று கலந்த தண்ணீருக்குத் தள்ளும் வலு குறைவு. இது எஞ்சினின் குறை மாதிரித் தோன்றும், கார்புரேட்டரைத் திருகுவார்கள். உண்மையில் ஒரு டியூப் சிலிக்கோனும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

பம்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன்? ஜெட் ஸ்கீயில் திருப்புவது நாசிலிலிருந்து பீறிடும் தண்ணீர்தான். தனியாக சுக்கான் கிடையாது. த்ராட்டிலை விட்டால் தண்ணீர் பீறிடுவது நிற்கும். ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி ஏறக்குறைய நேராகவே போகும். அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்த வகை வண்டிகளில் கவனப்படுத்திய குறைகளில் இதுவும் ஒன்று. பயந்தால் த்ராட்டிலை விடுவது மனித இயல்பு. விட்ட கணமே திருப்பும் சக்தி போய்விடுகிறது. எனவே பம்பின் தள்ளல் எவ்வளவு உடனடியாக வருகிறதோ அவ்வளவு உடனடியாகத்தான் வண்டி திரும்பும். இம்பெல்லரை வேகத்துக்கான பாகமாக மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. திருப்பத்தின் நடுவில் த்ராட்டிலை லேசாக விட்டு மறுபடி பிடிக்கும்போது வண்டி உடனே கவ்வுகிறதா, ஒரு மூச்சு நேரம் தாமதிக்கிறதா என்பதை இம்பெல்லரின் சாய்வும் முடிவு செய்கிறது.

இம்பெல்லரில் 13-18 என்பது போல இரண்டு எண் பொறித்திருப்பார்கள். இலையின் முன் விளிம்பு 13 பாகை சாய்வு, பின் விளிம்பு 18 பாகை என்று பொருள். சாய்வு குறைந்தால் எஞ்சின் சுலபமாகச் சுழற்றும். புறப்பாடு சுறுசுறுப்பாக இருக்கும். உச்ச வேகத்தில் எஞ்சின் சுற்றுகள் கூடிப்போகும். சாய்வு அதிகமானால் நீண்ட நேர்கோட்டில் வேகம் கிடைக்கும்; திருப்பத்திலிருந்து வெளிவரும்போது எஞ்சின் திணறும். 95 கிலோ ஆளுக்கும் 60 கிலோ ஆளுக்கும் ஒரே இம்பெல்லர் பொருந்தாது. கனமானவர் ஒரு படி குறைந்த சாய்வை எடுப்பது நல்லது. எஞ்சினில் எதையும் மாற்றாத வண்டிக்கு, பந்தயத்தில் வென்றவர் போட்டிருக்கும் இம்பெல்லரை வாங்கிப் போடுவது வீண். அவர் எஞ்சின் வேறு.

பம்புக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகும் வாயில், இன்டேக் கிரேட் இருக்கிறது. கம்பெனி போடும் கிரேட் பெரும்பாலும் நாலைந்து கம்பிகள் மட்டும். குப்பை, கல் உள்ளே போகாமல் தடுக்க. வெளிக் கம்பெனிகள் செய்யும் கிரேட்டுகளில் பல, வாயின் நடுவில் கீழ்நோக்கி ஒரு சிறு மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். ஓடும் தண்ணீரை அது வெட்டி, பம்புக்குள் மேல்நோக்கித் தள்ளுகிறது. சிற்றலையில் ஹல் ஒரு கணம் தண்ணீரை விட்டு எழும்பி மறுபடி விழும்போது, பம்ப் சட்டென்று தண்ணீரைக் கவ்வ இது உதவுகிறது. கூடவே இன்னொரு விளைவும் உண்டு: இது பின்பக்கத்தைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்கிறது. திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கும் குறைக்கு இதுவே பாதி மருந்து. ஆனால் நீட்டிய மூக்கு தண்ணீரைத் தடுக்கவும் செய்யும். கண்ணாடி போன்ற ஏரியில் நேர் ஓட்டத்தில் உச்ச வேகம் கொஞ்சம் குறையலாம். பாசி மண்டிய தண்ணீரில் நெருக்கமான கம்பிகளில் பாசி சிக்கிக்கொள்ளும். நடுத் தண்ணீரில் இறங்கி கையால் பிடுங்க வேண்டி வரும். எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைத்தான் கிரேட் முதலில் கேட்கும்.

ரைடு பிளேட் வாயிலுக்குப் பின்னால், பம்பின் அடியை மூடியிருக்கும் தகடு. வேகமாக ஓடும்போது ஹல்லின் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே வந்துவிடும். கடைசியில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது இந்தத் தகடும் அதன் அக்கம்பக்கமும்தான். ஆகவே அதன் நீளத்தில் ஒரு விரல் கூடினால்கூட வண்டியின் குணம் மாறும். தகடு பின்னோக்கி நீண்டால், தாங்கும் பரப்பு பின்னால் நகரும். மூக்கு கீழே அமரும். நேர் ஓட்டத்தில் குதிப்பது அடங்கும். தகடு குட்டையானால் வண்டி தன் அச்சில் சுலபமாகச் சுழலும். அலையில் மூக்கைத் தூக்கிப் பாய்வது எளிதாகும். ஆனால் வேகத்தில் கொஞ்சம் அலைபாயும். கடல் அலையில் விளையாடுகிறவரும், மிதவைகளைச் சுற்றிப் பந்தயம் ஓடுகிறவரும் ஒரே தகட்டை விரும்ப மாட்டார்கள்.

நீளத்தைவிட நுட்பமானது அதன் சாய்வு. தகட்டின் பின் விளிம்பு ஒரு மயிரிழை கீழே சாய்ந்தால் பின்பக்கத்தைத் தண்ணீர் மேலே தூக்கும், மூக்கு அழுந்தும். மேலே சாய்ந்தால் மூக்கு எழும்பும். தகட்டுக்கும் ஹல்லுக்கும் இடையே மெல்லிய வாஷர் வைத்து இதைச் சரிசெய்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் வாஷரே மிகப் பெரிய மாற்றம். அரை மில்லிமீட்டரில் தொடங்க வேண்டும். வாஷர் வைத்தால் இடைவெளி திறக்கும், அதைச் சிலிக்கோனால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பு சொன்ன காற்று புகும். சரியாகச் சாய்த்த கம்பெனித் தகடு, அவசரமாகப் பூட்டிய விலையுயர்ந்த தகட்டைவிட நன்றாக ஓடும்.

கனமான எஸ்எக்ஸ்-ஆர் 1500க்கு இந்த இடத்தில்தான் முதல் காசைச் செலவழிக்கச் சொல்வேன். அதன் மூக்கை உங்கள் உடம்பால் அழுத்தி வைக்க முடியாது. 250 கிலோ உங்களை மதிக்காது. தகடும் கிரேட்டும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். பழைய சூப்பர்ஜெட்டில் அவ்வளவு அவசரம் இல்லை. ஒரு காலை அரை அடி முன்னால் வைத்தால் மூக்கு தானே அமரும். 2021இல் வந்த புதிய சூப்பர்ஜெட், 1,049 சிசி மூன்று சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக், ஏறக்குறைய 170 கிலோ. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழைய மாடல்களுக்குச் செய்த தகடு, கிரேட் எதுவும் அதற்குப் பொருந்தாது, ஹல்லே வேறு. விளம்பரத்தில் சூப்பர்ஜெட் என்று மட்டும் போட்டிருந்தால் எந்த ஆண்டு மாடலுக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1996க்கு முந்திய சதுர மூக்கு, அதற்குப் பிந்திய உருண்ட மூக்கு, 2008 ஹல், 2021 ஹல் என்று நான்கு குடும்பங்கள் ஒரே பெயரில் இருக்கின்றன.

ஸ்பான்சன் ஹல்லின் பின்பகுதியில், இரு பக்கமும் பூட்டும் துடுப்பு. வண்டி திருப்பத்தில் சாயும்போது உள்பக்கத் துடுப்பு தண்ணீரில் இறங்கி விளிம்பாக நின்று பிடிக்கும். கீழே இறக்கிப் பூட்டினால் பிடி கூடும், மேலே ஏற்றினால் வழுக்கும். நல்ல ஸ்பான்சன்களில் இந்த உயரத்தை மாற்றிக்கொள்ள வரிசையாக ஓட்டைகள் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நான் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பிடி அதிகமான வண்டி திருப்பத்தில் சட்டென்று நின்று பிடிக்கும். ஆள் நிற்க மாட்டார். அவர் வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படுவார். கால் வலுவும் பழக்கமும் வரும்வரை ஸ்பான்சனை நடு உயரத்திலோ அதற்கு மேலேயோ வைத்திருங்கள். வழுக்கும் வண்டி தான் வழுக்குவதைக் கொஞ்சம் முன்கூட்டியே கால்களுக்குத் தெரிவிக்கும். கவ்வும் வண்டி தெரிவிக்காது.

இனி கைக்கு வருகிறேன். போலின் நீளத்தின் பலன், அது ஆளை எங்கே நிற்க வைக்கிறது என்பதைப் பொறுத்தது. குட்டைப் போல் உங்களை முன்னால் இழுக்கும். நீண்ட போல் பின்னால் சாய்ந்து நிற்க இடம் தரும். ஐந்தடி உயரம் உள்ளவர் நீண்ட போலில் கையை முழுவதும் நீட்டித் தொங்குவார். கையை நீட்டித் தொங்குபவரால் முழங்காலை மடக்க முடியாது. முழங்கால் மடங்காவிட்டால் அலையின் அடி முழுவதும் இடுப்பில் ஏறும். போலை மேலே நிறுத்தி வைக்கும் ஸ்ப்ரிங்கும் விற்கிறார்கள். போலின் கனத்தை அது சுமக்கும். கை அந்த அளவுக்கு இளைப்பாறும். அலையில் குதித்து விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

ஹேண்டில்பார் அதிகம் வளைந்திருந்தால் முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நேரான பார் முழங்கையை வெளியே விரிக்கச் செய்யும். தோளின் வலு கிடைக்கும். அகலமான பார் மெதுவாக, நிதானமாகத் திருப்பும். குறுகிய பார் வேகமாகத் திருப்பும், ஆனால் கையில் பாரம் தெரியும். பழைய கவாசாகிகளில் கட்டைவிரலால் அழுத்தும் த்ராட்டில் இருந்தது. அதில் பிடி இறுகாது. கட்டைவிரல் பிடிக்கவும் அழுத்தவும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஆள்காட்டி விரலால் இழுக்கும் லீவராக மாற்றினால் மற்ற விரல்களும் கட்டைவிரலும் பிடிக்கவே மிஞ்சும். முன்கை இறுகும் குறை பாதி இதிலேயே போய்விடும். இது பெரிய பந்தயக்காரரின் பாகம் அல்ல. வாரக்கடைசியில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்குத்தான் இதனால் அதிகப் பலன்.

குவிக் ஸ்டியரிங் தகடு என்று ஒன்று உண்டு. ஸ்டியரிங் கேபிள் மாட்டும் புள்ளியை அச்சிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கும். ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினாலே நாசில் நிறையத் திரும்பும். மிதவைகளைச் சுற்றும் பந்தயத்தில் இது அருமையான பாகம். ஆனால் ஆட்டம் உள்ள புஷ்களோடு இதைப் பூட்டினால் அந்த ஆட்டமும் பெரிதாகும். நேர் ஓட்டத்தில் வண்டி எப்போதும் பதறிக்கொண்டே இருக்கும். ஆகவே முன்பு சொன்ன புஷ் செட் இதற்கு முன்னால் வர வேண்டும்.

ஹேண்டில்பாரில் ஒரு லீவரால் நாசிலை மேலும் கீழும் சாய்க்கும் டிரிம் அமைப்பும் கிடைக்கிறது. நாசில் கீழ்நோக்கினால் மூக்கு அழுந்தும். மேல்நோக்கினால் மூக்கு எழும். புறப்படும்போதும் திருப்பத்திலும் கீழே, நீண்ட நேர்கோட்டில் கொஞ்சம் மேலே. ஓட்டிக்கொண்டே வண்டியின் குணத்தை மாற்ற முடியும் என்பது இதன் சிறப்பு. ஆனால் இது இன்னொரு கை வேலை. கையும் காலும் மற்ற எல்லாவற்றையும் யோசிக்காமல் செய்யப் பழகிய பிறகு வாங்க வேண்டியது இது.

கால் வைக்கும் மேட்டைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். நனைந்த பிளாஸ்டிக்கில் கால் ஒரு அங்குலம் வழுக்கினால் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கான உங்கள் உடம்பு எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல மேட் போட்டு, பின்பக்கத்தில் சற்றே சரிவாக எழும்பும் ஆப்பு வைத்தால் பின்காலுக்கு அழுத்த ஒரு சுவர் கிடைக்கும். காலைச் செருகி வைக்கும் ஃபுட்ஹோல்ட் அலையில் குட்டிக்கரணம் அடிக்கிறவர்களுக்கு, மற்றவர்களுக்கு வேண்டாம். விழும்போது கால் அதில் மாட்டினால் கணுக்கால் முறியும்.

தண்ணீரைப் பற்றி ஒரு சொல். அரிசோனா, கலிபோர்னியா எல்லையில் லேக் ஹவாசு என்று ஓர் ஏரி. 1938இல் பார்க்கர் அணை கட்டி முடிந்து கொலராடோ ஆறு தேங்கியதால் உண்டானது. ஜெட் ஸ்கீ உலகப் பந்தயங்கள் பல பத்தாண்டுகள் அங்கே நடந்திருக்கின்றன. சிவப்பு மிதவையை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், மஞ்சள் மிதவையை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். காலையில் தண்ணீர் அமைதியாக இருக்கும். முதல் சில சுற்றுகளிலேயே வண்டிகள் எழுப்பிய அலைகள் கரையில் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று குறுக்காக வெட்டிக்கொள்ளும். அங்கே வெல்கிறவரின் வண்டி அந்தக் குறுக்கலைக்கென்று அமைத்தது: ஆழமாகக் கவ்வும் கிரேட், நீண்ட தகடு, இறக்கிப் பூட்டிய ஸ்பான்சன். அதே அமைப்பைக் கடற்கரையில் உடையும் அலைக்குக் கொண்டுபோனால் வண்டி மூக்கைத் தூக்கவே மறுக்கும். உப்புத் தண்ணீரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அலுமினிய நாசிலில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் இறுகி, இரண்டு உலோகமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பூட்டும்போதே போல்ட்டில் ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவுங்கள். கடலில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இல்லையென்றால் அடுத்த தகட்டைப் பூட்டும் நாளில் போல்ட் முறிந்து ஹல்லுக்குள் தங்கிவிடும்.

பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் பாகம் வாங்கும் முன் விதிப்புத்தகத்தைப் படியுங்கள். ஸ்டாக் பிரிவில் அனுமதிக்கப்படும் மாற்றங்கள் சிலவே. ஜிபி பிரிவில் நிறைய அனுமதி உண்டு. ஆசையாக வாங்கிய ஒரு தகடு உங்களை அனுபவமே இல்லாத பிரிவில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.

பூட்டுவதற்கும் ஒரு முறை வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். கிரேட்டையும் தகட்டையும் ஸ்பான்சனையும் ஒரே நாளில் மாற்றினால், நல்லது நடந்தால் எதனால் என்று தெரியாது. கெட்டது நடந்தாலும் தெரியாது. பெட்ரோல் அளவு எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும். அதே தண்ணீர், அதே நேரம், அதே காற்று. முதலில் நேராக ஓட்டுங்கள், மூக்கு குதிக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு மிதவைகளைச் சுற்றி எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். இடது திருப்பமும் வலது திருப்பமும் ஒரே மாதிரி இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்பான்சன் உயரமோ, கேபிள் நீளமோ, உங்கள் நிற்கும் முறையோ ஒன்று கோணலாக இருக்கிறது. பிறகு இன்னொரு வண்டி எழுப்பிய அலையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கரைக்கு வந்ததும், நினைவு மங்கும் முன், நோட்டில் எழுதுங்கள். எந்த ஓட்டை, எத்தனை வாஷர், எந்தப் பக்கம் வழுக்கியது. நண்பர் ஒருவரைக் கரையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் உணராத மூக்கின் அசைவு கரையில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். அவருடைய எடை உங்கள் எடைக்கு அருகில் இருந்தால் அவரையும் ஓட்டச் சொல்லுங்கள். எடை வேறாக இருந்தால் அவர் சொல்வது அவர் வண்டியைப் பற்றியது.

முதல் ஓட்டம் முடிந்ததும் தகடு, கிரேட், ஸ்பான்சன் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். தண்ணீரில் அதிர்ந்த போல்ட் முதல் நாளே தளரும். கில் ஸ்விட்ச் கயிறு எப்போதும் மணிக்கட்டில் இருக்கட்டும். இம்பேக்ட் வெஸ்டும் வெட்சூட்டும் அணிந்தே ஏறுங்கள். பின்னால் விழும்போது நாசிலிலிருந்து வரும் தண்ணீர் உடம்புக்குள் பாய்ந்து உள்காயம் உண்டாக்கும். வெட்சூட்டின் கீழ்ப்பாதி அதற்கானது. இவற்றை முடித்துவிட்டு, அன்றைய அமைப்பில் இன்னும் பத்துச் சுற்று ஓட்டுங்கள். புதிய தகட்டுக்குக் கால் பழகவும் அவகாசம் வேண்டும். முதல் சுற்றில் பிடிக்காத பாகம் ஆறாவது சுற்றில் பிடித்துப்போவது அடிக்கடி நடக்கிறது. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் கழற்றிவிட்டு, கம்பெனிப் பாகத்தையே மறுபடி பூட்டுங்கள்.